ஆரத்தியா, ஆயிலா?

போன வாரம் என் காருக்கு அடியில் சிவப்பாக ஒரு குட்டை. பார்த்தேன். பார்த்துவிட்டு... கும்பிட்டேன்!

சிரிக்காதீர்கள். அன்று காலைதான் கல்கத்தா டாக்குரியா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் என் மனைவிக்கு வளைகாப்பு. முடிந்ததும் மாமியார் ஆரத்தி சுற்றி, வெளியே போய்க் கொட்டிவிட்டு வந்தார். வெளியேதான் கார் நிற்கிறது. வேறு என்னவென்று நினைப்பது? எட்டாம் கிளாஸையே இரண்டு வருஷம் படித்த மூளை இது. அவ்வளவுதான் ஓடும்.

மத்தியானம் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் சென்னை ரயில். ஏழு மாதக் கர்ப்பிணி மனைவியை, மாமியாரோடு பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டும். "இதுக்கு மேல தள்ளிப்போட்டா பிரயாணமே கிடையாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த டிக்கெட்டோ மூன்று வாரம் கழித்துத்தான். ஆக, இந்த ரயிலை விட்டால் அம்மா வீடு இல்லை.

இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் திருப்பத்திலேயே ஸ்டீயரிங் மக்கர் பண்ணியது. ஆட்டுக்கல்லைச் சுற்றுவது மாதிரி சுற்றுகிறேன். பானெட்டுக்குள்ளே இருந்து ஓர் உறுமல் வேறு.

"என்னங்க, ரோட்டை விட்டுட்டு பிளாட்பாரத்துல போறீங்க?"

"நான் எங்கடி போறேன்? கார் போகுது!"

"மாப்பிள்ளை காலையில புளியோதரையை ஒரு கட்டு கட்டினாரே... தூக்கம் வருதோ என்னவோ" என்றார் மாமியார், பின் சீட்டிலிருந்து.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பவர் ஸ்டீயரிங் பைப்பை முந்தின நாள்தானே மாற்றினோம்? ஜாதவ்பூர் ஷெட்டில், எங்கள் மெக்கானிக் சியாமல்தா கையால்? மறுநாள் விஸ்வகர்மா பூஜை (நம் ஆயுத பூஜை மாதிரி), ஷெட்டைக் கழுவ வேண்டும் என்று அவர் பறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டாக்ஸி பிடிக்கலாமே என்பீர்கள். கல்கத்தாவில் அன்று டாக்ஸிக்கும் பூஜை! மாலை போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி வரிசையாக நிற்கின்றன. டிரைவர்கள் மொட்டைமாடியில் பட்டம் விடுகிறார்கள்.

மல்லுக்கட்டி ஷெட்டுக்குப் போனேன். புது பைஜாமா குர்த்தாவில் இருந்த சியாமல்தா பானெட்டைத் திறந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். வங்காளத்தில் அண்ணன் என்றால் 'தாதா'; அவருக்கு நான் தாதா.

"கிளாம்ப்பை டைட் பண்ண மறந்துட்டேன் தாதா. ஆயில் பூரா ஒழுகிடுச்சு. தப்பு என்னுதுதான்."

"சரி, இப்ப டைட் பண்ணுங்க!"

"இன்னைக்கா? இன்னைக்கு டூல் தொடக்கூடாதே!"

ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் சாமி முன்னால் சந்தனப் பொட்டோடு படுத்திருந்தன. கெஞ்சினேன். அவர் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். கடைசியில் என் மனைவி, கை நிறைய வளையல் குலுங்க, காரைவிட்டு இறங்கினாள்.

சியாமல்தா அவளைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். என்னைவிடக் குழம்பிப்போனார் மனுஷன்.

பிறகு மெதுவாகப் பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்தார். "அண்ணி, இது டூல் இல்லையே?"

"இல்லவே இல்லை!" – மூன்று பேரும் கோரஸாகச் சொன்னோம்.

காசின் விளிம்பை ஸ்க்ரூவில் கொடுத்துத் திருகினார். கிளாம்ப் இறுகியது. ஆயில் ஊற்றணுமே? ஃபனலும் டூல்தானாம்! பூஜைக்கு வைத்திருந்த வாழையிலையில் ஒரு துண்டு கிழித்து, கூம்பாகச் சுருட்டி ஊற்றினார். செக்கச்செவேலென்று இறங்கியது ஆயில்.

"காலையில கீழே ஒழுகினதைப் பாக்கலையா தாதா?"

"பாத்தேன். ஆரத்தின்னு நினைச்சுக் கும்பிட்டேன்" என்றேன். மாமியார் வாயைப் பிளந்தார். "ஆரத்தியை நான் தெருமுனையிலதானே கொட்டினேன்! இவரு எதைப் பாத்து கும்பிட்டாரு?"

சியாமல்தா சாமியை ஏமாற்றினாரா, இல்லை சாமிக்கு மரியாதை செய்தாரா? இன்றுவரை விளங்கவில்லை. ஸ்டீயரிங் மட்டும் வெண்ணெயாகத் திரும்பியது. ஆற்றுப் பாலம் தாண்டி, சாந்த்ராகாச்சி போய்ச் சேர்ந்தபோது ரயில் கிளம்ப ஐந்தே நிமிஷம்.

ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கையசைத்தாள். "ஒழுங்கா சாப்பிடுங்க" என்றாள். ரயில் நகர்ந்தது. பிளாட்பாரத்தில் நான் மட்டும்.

நல்லவேளை, ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது. இருந்திருந்தால் ஓடிப்போய்த் திருப்பியிருப்பேன்!