சப்பாத்தைக் கண்டால் குரைக்கும் நாய்

இணையத்தில் பூனைக்கு இருக்கிற மவுசைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. சோம்பல் முறித்தால் ஒரு படம், கொட்டாவி விட்டால் ஒரு படம். அதன் கீழே ஊர் உலகமே கூடி நின்று கொஞ்சும். ஏன் பூனை, ஏன் நாயில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்குப் பதில் தெரியும். அது எனக்கு வந்து சேர்ந்த விதம்தான் பிடிக்கவில்லை.

வடக்கே ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடியும் மூண்டிருந்த காலம். நான் மாத்தளை டவுனில் ஒரு நெட் கபேயில் வேலை செய்தேன். வீடு எல்கடுவ பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டி நிற்கிற காம்பராக்களில் ஒன்று. கடையில் ஆள் இல்லாத நேரங்களில் இணையத்தில் ஒரு தமிழ்க் கருத்துக்களத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பாதிப்பேர் குளிர்தேசங்களில் இருந்தார்கள். அரசியல் பகுதியில் ஆளுக்கொரு வாளைச் சுழற்றிவிட்டு, அரட்டைப் பகுதிக்கு வந்து தங்கள் பூனைகளைப் படம் பிடித்துப் போடுவார்கள். நானும் அப்போது ரசித்தேன், மறுக்கவில்லை.

எங்களிடம் ஒரு நாய் இருந்தது. பெயர் வைக்கவில்லை, “டேய்” என்றால் வரும். எங்கள் லயத்தில் எல்லாருக்கும் வெறுங்கால், மிஞ்சினால் செருப்பு. அதனால் சப்பாத்துப் போட்ட கால் எதைக் கண்டாலும் அந்த நாய்க்கு ஆகாது. தோட்டத்துத் தொரை வந்தாலும் குரைக்கும், கணக்கப்பிள்ளை வந்தாலும் குரைக்கும். ஆமிக்காரர்கள் முதல்தடவை லயத்தைச் சுற்றிவளைக்க வந்தபோது, மேல்ரோட்டில் அவர்கள் இறங்கும்போதே தொண்டை கிழியக் குரைத்தது.

அந்தச் சத்தத்தில் லயம் முழுக்க எழுந்துவிட்டது. எங்கள் ஆட்கள் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைக்க மாட்டார்கள். அது கிடைக்க எத்தனை அலைச்சல் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தொலைந்துவிடும் என்று பயந்து, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். ஆமிக்காரர்கள் வாசலுக்கு வருவதற்குள் எல்லார் கையிலும் அட்டை இருந்தது. அட்டை காட்டாதவனைத்தான் கொண்டுபோவார்கள்; அன்றைக்கு ஒருவரைக்கூடக் கொண்டுபோகவில்லை.

ஆனால் பக்கத்துக் காம்பரா அக்காவின் கண்ணில் பட்டது வேறு. நாய் நின்று குரைத்தது அவள் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில். ஆகவே முதலில் அவள் காம்பராவுக்குள் புகுந்து, பெட்டியைக் கவிழ்த்து, அரிசியைக் கொட்டினார்கள். அவளுக்கு ஒரே மகன். கொழும்பில் கடையில் நின்றவன், அங்கே கெடுபிடி அதிகம் என்று வீட்டுக்கு வந்திருந்தான். அவனை ஒளித்து வைக்கிற மாதிரிதான் வைத்திருந்தாள்.

“இந்தச் சனியன்தான் ஆமிக்காரன வெத்தல பாக்கு வச்சி கூப்புடுது,” என்று அன்றைக்கே தொடங்கினாள். “எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா நீங்கதான் பொறுப்பு. நாய தொலைச்சிருங்க.”

“அது கொரைச்சதாலதானே அக்கா எல்லாரும் ஐடி காட்ட கையில வச்சிருந்தீங்க,” என்றேன்.

“படிச்ச திமிருல பேசாத புள்ள.”

லயம் முழுக்க அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்து அப்பாவிடம், ஒரு வாரத்துக்குள் நாய் போகாவிட்டால் சோற்றில் எதையாவது வைத்துவிடுவார்கள் என்று நல்லவன் மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அப்பா யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். அந்தக் குணத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாயைக் காப்பாற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழி கருத்துக்களம்தான். லயத்துக்கு வந்த ஒருவரின் போனில் எடுத்த படத்தைப் போட்டு, மாத்தளை, கண்டிப் பக்கம் யாராவது இதை எடுத்து வளர்ப்பீர்களா என்று கேட்டேன். ஆமி என்று எழுத முடியாது. எந்த நேரமும் யாராவது முதுகுக்குப் பின்னால் நிற்கிற கடை அது. அக்கம்பக்கத்துத் தொல்லை என்று மட்டும் எழுதினேன்.

பதில் குவிந்தது. எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு பதில் இல்லை. “நாய் என்றாலே தொல்லைதான், பூனை வளருங்கள்,” என்றார் ஒருவர். அடுத்தவர் தன் பூனையின் படத்தைப் போட்டார். அவருக்கு அடுத்தவர் அதைவிடக் கொழுத்த பூனையைப் போட்டார். அரசியல் பகுதியில் நித்தமும் யாருடைய தலையையாவது கேட்கிற ஒருவர், பூனை ஏன் உயர்ந்த பிராணி என்று நீளமாக விளக்கினார். பூனை யாரையும் அண்டி வாழாது, சத்தம் போடாது, தன் பாட்டில் இருக்கும் என்றார். பதில்கள் இரண்டாவது பக்கத்துக்குப் போனதும் என் நாயின் படம் புதைந்துபோனது.

அப்போதுதான் புரிந்தது. முகத்தை மூடிக்கொண்டு கதவுக்குள் இருப்பவர்களுக்குப் பூனைதான் தோது. மேசைமேல் ஏறி, கணினிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். நாய் வைத்திருந்தால் வெளியே போக வேண்டும், அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், அது யாரைப் பார்த்துக் குரைக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்பார்களே, அந்த இருட்டு அவர்களுக்கு வசதியாக இருந்தது. எங்கள் லயத்துக்கும் அதே வசதிதான் வேண்டியிருந்தது.

மலைக்குக் கீழே வெகுதூரத்தில் இருக்கிற வில்கமுவவுக்கு நெல் ஏற்றப் போகிற லொறியில், நாயைச் சாக்குக்குள் கட்டி அப்பா ஏற்றிவிட்டார். வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடுமாம், அதற்காகத்தான் சாக்கு. வயல்வெளியில் அவிழ்த்துவிட்டதாக டிரைவர் வந்து சொன்னான். லயம் நிம்மதியாகத் தூங்கியது.

அடுத்த சுற்றிவளைப்பு விடியற்காலையில். தேயிலைக்குள் பனி கிடந்தது. அவர்கள் இறங்கியது யாருக்கும் கேட்கவில்லை. அக்காவின் மகன் குளிக்கிற பீலியடியில் இடுப்பில் துண்டோடு, முகத்தில் சவர்க்கார நுரையோடு நின்றான். அட்டை எங்கே என்று கேட்டார்கள். காம்பராவில், முருகன் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அவன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் லொறியில் ஏற்றிவிட்டார்கள். அக்கா அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினாள். லொறி நிற்கவில்லை.

மறுநாள் கடையில் கருத்துக்களத்தைத் திறந்தேன். என் பதிவின் கீழே புதிதாக ஒரு வரி: “நாய்த் தொல்லை தீர்ந்ததா? பூனை வாங்கியாச்சா?” கூடவே, கண்ணை மூடித் தூங்குகிற ஒரு பூனை. வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் அடித்தேன். பின்னால் ஆள் வந்து நின்றதும் அழித்தேன். அதற்குப் பிறகு அந்தக் களத்துக்குள் போகவேயில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அக்கா ரோட்டில் நின்றாள். பொலிசுக்கும் கேம்புக்கும் அலைந்துவிட்டு வந்திருக்கிறாள். கையில் இன்னமும் அந்த அட்டை. எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபிறகும் அந்த ஆத்திரம் போகவில்லை.

“ஒங்கப்பா அந்த நாய எந்தப் பக்கம் விடச் சொன்னாரு?” என்றாள்.

“வில்கமுவ.”

“வில்கமுவ பஸ் எத்தன மணிக்கு புள்ள?”

“இப்ப எதுக்குக்கா?”

“இன்னும் மூணு வீட்டுல வயசுப் பயலுக இருக்கானுங்க,” என்றாள். “நானே போயி அத கூட்டிட்டு வாறேன்.”

காலையில் ஒரு பஸ் இருக்கிறது என்று சொன்னேன்.