முகம் மறைத்த படமும் ஜெசிந்தா அக்காவும்

செய்தி வந்தபோது நான் சாலாக் செலாத்தானில் ஒரு மளிகைக் கடைக்குக் கண்காணிப்புக் கேமரா பொருத்திக்கொண்டிருந்தேன். ஏணியில் நின்றபடி தொலைபேசியை எடுத்தேன். ஜெசிந்தா அக்காவின் தம்பி பேசினார்.

"தம்பி, அக்கா இறந்துட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். "யாராச்சும் ஏதாச்சும் செஞ்சிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. ஹார்ட்டு. கிளினிக்லயே விழுந்துட்டாங்க."

மாரடைப்பு என்று கேட்டதும் ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. மரணச் செய்தியில் நிம்மதி தேடும் நிலைக்கு எங்களைக் கொண்டுவந்தவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜெசிந்தா அக்கா பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் வேலை பார்த்தார். மற்ற நேரமெல்லாம் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தத் தளத்தை நடத்தினார். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களின் கோயில் திருவிழா, தேவாலயத் திருநாள், இரத்ததானம், மரண அறிவித்தல் எல்லாம் இங்கேதான் வரும். அவர் எழுதுவார், படம் எடுப்பார். நான் தளத்தில் ஏற்றுவேன். சண்டை போடுவோம்.

பெரும்பாலும் படங்களுக்காகத்தான் சண்டை. ஒரு தேர் ஊர்வலத்துக்கு அறுபது படம் அனுப்புவார். எல்லாம் முகங்கள். தேரே இருக்காது. "தேர் எங்க அக்கா?" என்று கேட்டால், "தேர எவன் லா பாப்பான்? அவனவன் மூஞ்சி இருந்தாத்தான் சொந்தக்காரனுக்கு அனுப்புவான்" என்பார். தலைப்புப் படங்களில் ரோஜாப் பூ ஒட்டுவார். நான் சொல்லாமல் எடுத்துவிடுவேன். மறுநாள் அவர் சொல்லாமல் திரும்ப ஒட்டியிருப்பார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் மிகக் கறாரானவர். படத்தில் இருப்பவரிடம் கைப்பேசியில் காட்டி, சம்மதம் வாங்காமல் எந்தப் படத்தையும் வெளியிட மாட்டார். குடிபோதையில் ஆடிய ஒருவரின் படத்தைக் காட்ட, போதை தெளிந்த பிறகு அவர் வீடு தேடி அம்பாங் வரை போனார். அந்த ஆள் வேண்டாம் என்றதும் அவர் எதிரிலேயே அழித்துவிட்டுத் திரும்பினார்.

கிள்ளானில் இருக்கும் ஒரு மலிவுவிலை அடுக்குமாடிக்கு அவர் என்னை அழைத்துப் போனது போன ஆண்டு மழைக்காலத்தில். அங்கே அக்காவுக்குத் தெரிந்த பிலோமினா ஆன்டி நான்காம் மாடியில் இருந்தார். அவருடைய மகன் ஆல்பர்ட்டுக்கு நடக்க முடியாது, சக்கர நாற்காலி. மின்தூக்கி பல மாதங்களாக ஓடவில்லை. மருத்துவமனைக்குப் போகும் நாளெல்லாம் அண்டை வீட்டார் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

நான் பார்த்தது வேறு. நடைபாதை ஓரத்தில் அந்த மாடிக்கு மின்சாரம் பிரியும் பெட்டி திறந்து கிடந்தது. மேல்தளத் தொட்டியிலிருந்து கசிந்த தண்ணீர் சுவர் வழியாக அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வயர் வேலை என் தொழில். பிள்ளைகள் செருப்பில்லாமல் அந்த ஈரத்தில் ஓடியதைப் பார்த்ததும் கத்தி விலக்கினேன். பெட்டியைப் பழுதுபார்த்ததாகச் சொல்லிப் பணம் வாங்கியவர் குடியிருப்புத் தலைவரின் மைத்துனர் என்று ஆன்டி சொன்னார். யாரும் வாய் திறப்பதில்லை, திறந்த ஒரு குடும்பம் காலி செய்துகொண்டு போய்விட்டது என்றும் சொன்னார்.

"எங்க பேரு வராம எழுதுவீங்களா?" என்றார்.

"பேரும் வராது, மூஞ்சியும் வராது ஆன்டி" என்றார் அக்கா.

அக்கா இரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று, தண்ணீர் வடியும் அந்தப் பெட்டி. மற்றது, வாசலில் சக்கர நாற்காலியோடு தாயும் மகனும். முகங்களை மங்கலாக்கினோம், வீட்டு எண்ணை அழித்தோம். வழக்கம்போல அக்கா கைப்பேசியில் காட்டினார். ஆன்டி சிரித்தார். "நல்லா மறச்சிருக்கீங்க. என்னையே எனக்குத் தெரியல."

காலையில் வெளியிட்டோம். மதியத்துக்குள் கட்டுரையின் கீழே பெயரில்லாத ஒருவர் எழுதியிருந்தார்: "வாசல் நெலக்கி மேல சாக்பீஸ்ல எழுதியிருக்கிற வீடுதானே? தெரியும் தெரியும்."

கத்தோலிக்க வீடுகளில் ஆண்டின் தொடக்கத்தில், மூன்று ராஜாக்கள் திருநாளை ஒட்டிப் பாதிரியார் வந்து வீட்டை ஆசீர்வதிப்பார். மந்திரித்த சாக்கட்டியால் கதவு நிலைக்கு மேல் ஆண்டையும் மூன்று எழுத்துகளையும் எழுதுவார். ஆண்டு முழுக்க அது அழியாமல் இருக்கும். பிலோமினா ஆன்டியும் அக்காவும் பிறந்ததிலிருந்து அந்த எழுத்துக்குக் கீழே போய் வந்தவர்கள். நமக்குக் கதவுக்குப் பூட்டு இருப்பது போல அவர்களுக்கு அது. படத்தில் அது விழுந்திருந்தது அவர்கள் கண்ணில் படவே இல்லை. எனக்கோ அது என்னவென்றே தெரியாது, ஏதோ கிறுக்கல் என்று நினைத்தேன். அந்த மாடியில் ஒரே கத்தோலிக்க வீடு அவர்களுடையது.

வாசல் படத்தை உடனே நீக்கினேன். ஆனால் அதற்குள் அது வாட்சாப்பில் போய்விட்டது. அக்கா தொலைபேசியில் அழைத்தார். "அவங்கள நான் காட்டிக் குடுத்துட்டேன். என் வீட்லயும்தான இருக்கு அது. எனக்கெப்படித் தெரியாமப் போச்சி?"

மாலை வெளிச்சம் இருக்கும்போதே கிள்ளானுக்குப் போனோம். படிக்கட்டின் கீழே இருவர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஏறி முடிக்கும்வரை எங்களையே பார்த்தார்கள். மேலே போனதும் அக்கா ஈரத்துணியோடு நாற்காலியில் ஏறி அந்த எழுத்தைத் துடைக்கப் போனார். ஆன்டி அவர் கையைப் பிடித்தார்.

"இப்ப அழிச்சா, ஆமா நாங்கதான்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். எறங்கு கண்ணு."

சற்று நேரத்தில் தலைவரே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் கனவில் வருகிறது.

"ஆன்டி மேல யாருக்கும் கோவம் இல்ல. லிப்ட்டப் பத்தி என்ன வேணா எழுதுங்க. அந்தக் கரண்டு பெட்டி படம் மட்டும் எதுக்கு? எடுத்துடுங்க. ஆல்பர்ட்டு பாவம், மேலயும் கீழயும் தூக்கணும். எங்காச்சும் கை நழுவிட்டா?"

ஆல்பர்ட் தலை குனிந்துகொண்டார். அக்கா எழுந்து வாசலை மறித்து நின்றார்.

"படம் எடுத்தது நான், எழுதுனதும் நான். ஆன்டி டீ போட்டுக் குடுத்தாங்க, அவ்ளோதான். பேரு வேணும்னா சொல்றேன். ஜெசிந்தா மேரி. பிரிக்பீல்ட்ஸ்ல பல்லு கிளினிக்ல இருக்கேன். பல்லு வலிச்சா வாங்க."

அவர் குரலைக் கேட்டவர்கள் தைரியம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவருடைய கை என் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தது எனக்குத்தான் தெரியும். காருக்கு வந்ததும் சாவியை என்னிடம் நீட்டினார். "கை வரல லா. நீ ஓட்டு."

வழியிலேயே முடிவு செய்தார். நீக்கிய வாசல் படம் திரும்ப வராது, மின்பெட்டிப் படம் இருக்கும். தவறுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு பத்தி. அதுவரை 'நம் நிருபர்' என்று மட்டும் போடுவோம். அந்தக் கட்டுரைக்குத் தன் முழுப்பெயரையும் படத்தையும் போடச் சொன்னார். திருமண விருந்தில் எடுத்த படம், கழுத்து நிறைய நகை.

"இதுவா அக்கா?"

"பின்ன, பாஸ்போர்ட் போட்டோவா? இதுல நான் அழகா இருக்கேன். அவனுங்க என்னையப் பாக்கட்டும், ஆன்டிய விட்டுட்டு."

பார்த்தார்கள். அவர் மேல் போலீசில் புகார் கொடுத்தார்கள்; வாக்குமூலத்துக்குப் போனார். காரின் டயர்கள் கிழிக்கப்பட்டன. பல் மருத்துவமனை முதலாளிக்கு யாரோ தொலைபேசியில் மிரட்டல் விடுத்தார்கள். ஆன்டி வாசலையும் விடவில்லை; ஒரு காலையில் அங்கே கறுப்பு எண்ணெய் ஊற்றியிருந்தது. ஒருநாள் யாரும் அறிவிக்காமல் ஆட்கள் வந்து அந்த மின்பெட்டியை மாற்றி மூடிவிட்டுப் போனார்கள். மின்தூக்கி இன்றுவரை ஓடவில்லை.

அக்கா அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து கிள்ளானுக்குப் போய் ஆன்டி வீட்டில் உட்கார்ந்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "சாரி சொன்னா தீந்துடுமா? பயத்த அவங்க வீட்ல கொண்டாந்து வச்சது நானு. கொஞ்ச நேரம் நானும் அங்க இருக்கணும்."

அவர் பயமில்லாதவர் என்று நேற்று இரங்கல் உரையில் ஒருவர் பேசினார். பொய். கடைசி மாதங்களில் அவர் மணியடித்தால் கதவைத் திறக்கமாட்டார். மார்பைத் தேய்த்துக்கொண்டே பேசுவார். அந்த இதயத்தை எது நிறுத்தியது என்று எந்த மருத்துவரும் சான்றிதழில் எழுதப் போவதில்லை. எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை நிரூபிக்க முடியாததால் இங்கே நிறுத்துகிறேன்.

தலைவர் மலர்வளையம் அனுப்பியிருந்தார். ரிப்பனில் தன் பெயரைப் பெரிதாக அச்சடித்திருந்தார்.

அடக்கத்துக்கு பிலோமினா ஆன்டி வந்தார். அண்டை வீட்டார் ஆல்பர்ட்டை நான்கு மாடியும் சுமந்து இறக்கியிருந்தார்கள். தேவாலய வாசலில் ஆன்டி என் கையைப் பிடித்தார்.

"அவளப் பத்தி எழுதுவல்ல? என் போட்டோவும் போடு. மூஞ்சிய மறைக்காத."

"வேணாம் ஆன்டி. அவங்க பாப்பாங்க."

"இவ்ளோ நாளா அவ மூஞ்சி முன்னுக்கு நின்னிச்சி. இனி யாரு நிக்கிறது? எடு."

ஆல்பர்ட்டைக் கேட்டேன். "என்னையப் போடாதீங்க அண்ணே" என்றார். அவரைச் சேர்க்கவில்லை.

உள்ளே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் படத்தை எடுத்து ஆன்டியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "சரி" என்றார்.

ஜெசிந்தா அக்கா, அந்தப் படம் கீழே இருக்கிறது. அழுது வீங்கிய கண்களோடு ஆன்டி நேராகப் பார்க்கிறார். பக்கத்தில் உங்கள் பெட்டி, பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். இதை எழுதியவன் என்ற இடத்தில் இம்முறை என் பெயர் இருக்கிறது. என் அம்மா வேண்டாம் என்கிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

போய் வாருங்கள் அக்கா. வெளியிடுகிறேன்.