ராட்செட்டுக்குள் வீல் கிரீஸ்

இன்னைக்குக் காலையில நாமக்கல் ஸ்டாண்டுல ஆளை ஏத்திக்கிட்டு அடுப்புக்கரிப் புகையில ஓடற எங்க கரிவாயு பஸ் நிக்குது. கிளீனர் நான் கரியடுப்பு நட்டை முறுக்கினா, ஒரு பக்கமா மட்டும் பிடிச்சுத் திருப்பற ராட்செட் ஸ்பேனர் பல்லுப் பிடிக்காம வழுக்குது.

ஸ்பேனரோட எதிர்ல இருக்கற இரும்புச் சாமான் கடைக்கு ஓடினேன். "புதுசு வாங்கறதா, பழசுக்கே உள்பல்லும் ஸ்பிரிங்கும் மாத்தறதா? சீக்கிரம் சொல்லுங்க."

"புதுசுல பொடிப்பல்லுங்க, இடுக்குல துளி அசைச்சாப் போதும். ஆனா யுத்தத்துல சரக்கு ஏதுங்க? பழசைக் குடுங்க, பாப்போம்."

டிரைவர் மாரியப்பண்ணன் ஹாரனை விடவே இல்லை.

கடைக்காரர் பிரிச்சார். "ஏனுங்க, இதுக்குள்ள வீல் கிரீஸை அப்புனது யாருங்க? அந்தக் கெட்டியில ஒட்டிக்கிட்டா பல்லு எப்படி எந்திரிக்கும்?"

மண்ணெண்ணெயில கழுவி, தையல்மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். டிக்டிக்னு பிடிக்குது.

அப்புனது நான்தான். "நீங்க தொட்டுத்தான் கெட்டுச்சு"ன்னு நேத்து மாரியப்பண்ணன்கிட்ட கத்தினதும் நான்தான்.

"என்ன கோளாறு சாமி?"ன்னார் மாரியப்பண்ணன், நான் பஸ்ஸுக்குத் திரும்பினதும்.

"ஸ்பிரிங் போச்சுண்ணா"ன்னுட்டேன்.

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?