தங்கைக்கு அனுப்பிய பழைய சோலார் தகடுகள்

2022இல் இலங்கையில் மண்ணெண்ணெய்க்கு ஆட்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் என் தங்கை வெங்காயம் நட நிலத்தைக் கொத்தி வைத்திருந்தாள். கிணற்றில் தண்ணீர் இருந்தது. பம்பை ஓட்டத்தான் எண்ணெய் இல்லை.

“அண்ணை, இஞ்ச விவசாயச் சங்கத்தில புதுச் சோலார் தவணைக்குத் தாறாங்கள். எடுக்கட்டோ?”

“விசரி! பாரிஸில நான் இருக்கேக்கை உனக்கென்னத்துக்குத் தவணை? பொறு, அனுப்புறன்.” என்ன கெப்பர், என்ன திமிர் எனக்கு!

நான் கூரை வேலைக்காரன். பாரிஸுக்குப் பக்கத்தில் கார்ஜ் லே கொனெஸ் என்ற ஊரில் ஒரு கட்டடத்தின் பழைய சோலார் தகடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் மறுசுழற்சி நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. ஆறு தகடுகளை நான் ஒதுக்கிவைத்தேன்.

“அண்ணை, உதுகள் உள்ளுக்கை வெடிச்சுக் கிடக்கு. நிலையத்துக்குக் குடுத்தால் கண்ணாடியும் அலுமினியமும் எண்டாலும் திரும்ப உதவும்” என்றார் என்னோடு வேலை செய்தவர்.

“இஞ்சத்தைக் கழிவே அங்கை புதுசு மாதிரி ஓடும்” என்றேன். சொன்ன வாயில் அடிக்க வேண்டும். ஒன்றைக்கூட நான் சோதித்துப் பார்க்கவில்லை.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில், ஊருக்குச் சாமான் அனுப்பும் கடையில் தகடுகளைக் கொடுத்தேன். தங்கைக்குச் சோலார் போட்டுக் கொடுக்கிறேன் என்று நாலு பேருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். கப்பல் கொழும்புக்கு வந்துவிட்டது என்றதும், என்னை நம்பி அவள் வெங்காயத்தை நட்டாள்.

தகடுகள் போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் கேட்டேன். “ஓடுதோ?”

“ஓம் அண்ணை, நல்லா ஓடுது.”

அதையும் கடையில் போய்ப் பெருமையாகப் புழுகினேன்.

சில கிழமைகளில் அவளுடைய கணவன் தொலைபேசியில் வந்தார். “மச்சான், குறை நினையாதையுங்கோ. அது ஒருநாளும் ஓடேல்லை. தகடுகளைப் பூட்ட வந்தவன் பாத்திட்டுச் சிரிச்சான். சங்கத்திலயும் தவணைச் சோலார் எல்லாம் குடுத்து முடிஞ்சுது. வெங்காயம் முழுக்கக் கருகிப்போச்சு.”

தங்கையிடம் கத்தினேன். “ஏனடி சொல்லேல்லை?”

“நீங்கள் ஆசையா அனுப்பினது. எப்பிடி அண்ணை சொல்லுறது?”

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கொடுத்தவன் நான் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அதே கடையில் ஒருவர் என்னை மறித்தார். கிளிநொச்சியில் அவருடைய தாய்க்கும் தோட்டம். “அண்ணை, உங்கட தங்கச்சிக்கு நல்லா ஓடுதெண்டீங்கள். அம்மாவுக்கு நானும் பழைய தகடு கொண்டந்திருக்கிறன். அனுப்பலாம்தானே?”

கடையில் நின்றவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“ஓம், அனுப்பும்” என்றேன். அவருடைய பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்ததும் நான்தான்.