நோலீனின் புலம்பல் வகுப்பு

எங்கள் ஊரில் யாரிடம் "எப்படி இருக்கே?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "மோசமில்ல." அறுவடை இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவனும் அதைத்தான் சொல்வான். மழை ஏமாற்றி, பார்லி முழங்காலைத் தாண்டாத வருஷத்திலும் நாங்கள் அதைத்தான் சொன்னோம். தென் ஆஸ்திரேலியாவில், யார்க் தீபகற்பத்தில் பிறந்தவன் குறை சொல்லமாட்டான். சொல்லிவிட்டால் கிளப்பில் ஒரு மாதம் தலைகாட்ட முடியாது. இந்தப் பாழாய்ப்போன பெருமையோடு மல்லுக்கட்டிய ஒரு பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. அவள் பெயர் நோலீன் பென்பெர்த்தி. எனக்கு அடுத்த வீடு.

நோலீன் வேலை பார்த்த காலமெல்லாம் தானியக் கிடங்கின் எடைமேடையில் இருந்தாள். லாரி வந்து நிற்கும். இவள் பார்லியில் ஒரு பிடியை மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பாள். "இது பியருக்கு ஆகாது, ஆட்டுக்குத்தான் ஆகும்" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். ஒரு வருஷ உழைப்பு தீவனமாகிப்போன கோபத்தில் விவசாயிகள் கத்துவார்கள். கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "அடுத்த லாரி" என்பாள். நானும் கத்தியிருக்கிறேன். அந்தக் குரலுக்கு முன்னால் எவன் பருப்பும் வேகாது.

அவள் புருஷன் லைல் பக்கவாதத்தில் விழுந்தபோது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள அரசாங்க உதவி உண்டு என்று யாரும் அவளுக்குச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. தெரியவந்தபோது லைல் அடிலெய்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தான். அவன் அறை ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். கடலைப் பார்த்தே வாழ்ந்த மனுஷன், கார்களைப் பார்த்துக்கொண்டே செத்துப்போனான். நோலீன் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. "தெரியாம போச்சுன்னு இன்னொருத்தர் அங்க போகக் கூடாது டெஸ்" என்று மட்டும் ஒருமுறை வேலியோரம் நின்று என்னிடம் சொன்னாள்.

அப்புறம்தான் புதுச் சட்டம் வந்தது. வயதானவர்களுக்கு வீட்டிலேயே பராமரிப்பு தரும் முறையை அரசாங்கம் அடியோடு மாற்றப்போவதாகச் சொன்னது. ஜூலை என்றார்கள், பிறகு நவம்பருக்குத் தள்ளினார்கள். நாலு படியாக இருந்த உதவி எட்டுப் படியாகும் என்றார்கள். கடிதம் வந்த வீடெல்லாம் கலங்கிப்போனது. பெர்த்திலும் டார்வினிலும் இருக்கிற மகள்கள் போன் போட்டு, "அம்மா, அதுல என்ன போட்டிருக்கு?" என்பார்கள். அம்மாவுக்குக் கண்ணாடியைத் தேடவே அரைமணி ஆகும்.

நோலீன் அந்தத் தாள்களையெல்லாம் சேர்த்து உட்கார்ந்து படித்தாள். புரியாத இடத்துக்கெல்லாம் அரசாங்கத் தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டு, அவர்களைப் படாதபாடு படுத்தினாள். பிறகு வியாழக்கிழமை தோறும் புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பில் தேநீரோடு ஒரு கூட்டம் போட்டாள். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு தட்டு பலகாரம் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் கட்டணம்.

"இங்க பாருங்க," என்று மதுக் கவுண்டரைக் கையால் தட்டுவாள். "நர்ஸ் வந்தா, காலுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஆள் வந்தா, அது கிளப் கணக்கு மாதிரி, அரசாங்கமே குடுத்துடும். நீங்க காசைத் தொட வேண்டாம். குளிப்பாட்டிவிட, உடுப்பு மாட்டிவிட ஆள் வந்தா, அதுல உங்க பங்கு கொஞ்சம் உண்டு. வீடு கூட்ட, புல்லு வெட்டன்னு ஆள் வந்தா, உங்க பங்கு இன்னும் கூடும். பங்கு எவ்வளவுங்கறது உங்க பென்ஷனைப் பொறுத்து. புரிஞ்சுதா?"

"குளிக்கறதுக்குக் காசா?" கூட்டத்திலிருந்த கிழவன் ரெக்ஸ் கத்தினான். "நான் சனிக்கிழமை மட்டும் குளிச்சுக்கறேன்!"

"அது இங்க எல்லாருக்கும் தெரியும் ரெக்ஸ். உன் பக்கத்து நாற்காலி ஏன் காலியா இருக்குன்னு நினைச்சே?"

கூட்டம் சிரித்து அடங்கியதும், அவளே போய் ரெக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கடிதத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினாள். குளிப்பதற்குக் காசு கேட்பது அவளுக்கும் பிடிக்கவில்லை. அதைச் சொல்லிக் காரசாரமாக ஒரு கடிதமும் தொகுதி உறுப்பினருக்கு எழுதிப் போட்டாள்.

சட்டத்தைப் புரியவைப்பது சுலபம், எங்களைத் திருத்துவதுதான் கஷ்டம் என்பது என் வீட்டில்தான் அவளுக்குத் தெரியவந்தது. என் மனைவி வால்மாவுக்கு மறதி நோய். எந்தப் படி உதவி தேவை என்று மதிப்பிட ஒரு அதிகாரி வீட்டுக்கு வரும் நாள் குறித்திருந்தார்கள். விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் ஊரில் என்ன செய்வோம்? நான் முந்தின நாளே வீட்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்தேன். வால்மாவுக்கு நீலச் சட்டை போட்டு உதட்டுச் சாயம் பூசிவிட்டேன். காலையில் சட்டையின் கை எது, கழுத்து எது என்று தெரியாமல் நின்றவள், அந்த மனுஷர் வந்ததும் ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டாள். அவர் என்னிடம் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றார். என் வாயில் வேறென்ன வரும்? "மோசமில்ல" என்றேன். எங்களுக்குக் கிடைத்தது அடிமட்டப் படி.

நோலீன் வேலியைத் தாண்டி வந்து என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"அந்த ஆள் என்ன, உன் வீட்டுக்குப் பரிசு குடுக்கவா வந்தான்? ராத்திரி வால்மா கடற்கரைப் பக்கம் நடந்து போனதைச் சொன்னியா?"

"அது எப்படி நோல், அவளை வச்சுக்கிட்டே சொல்றது?"

"அவளுக்காகத்தான்யா சொல்லணும்!"

மறுபடி பரிசீலிக்கச் சொல்லி அவளே மனு எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் முறை என் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் "மோசமில்ல" என்று ஆரம்பித்தபோது மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். இன்று வால்மாவைக் குளிப்பாட்ட ஒரு பெண் வருகிறாள். வால்மா என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். அதற்கு நான் நோலீனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வியாழனே கூட்டத்தில் புலம்பல் வகுப்பு தொடங்கியது. கிளப் சமையலறையில் முட்டை வேக நேரம் பார்க்க ஒரு மணல் கடிகாரம் இருந்தது. நோலீன் அதைக் கவிழ்த்து வைப்பாள். மணல் இறங்கி முடியும்வரை ஒருவர் தன் மிக மோசமான நாளைச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் கிண்டல் செய்யக் கூடாது, "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்று ஆறுதலும் சொல்லக் கூடாது. யாராவது "மோசமில்ல" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எல்லாக் கோப்பைகளையும் அவரே கழுவ வேண்டும். முதல் மாதம் பாதிப் பேர் சமையலறையில்தான் நின்றோம். பிறகு ஒருநாள் ரெக்ஸ் எழுந்து, தனக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை, அதனால்தான் ஒரே சட்டையை மாற்றாமல் போட்டிருப்பதாகச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. நோலீன் அவன் தோளில் கை வைத்து, "இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லு" என்றாள்.

இப்படி ஊரையே புலம்பவைத்தவள் அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை விழுந்தாள். இரண்டாம் முறை இடுப்பில் அடி. தினமும் காலையில் யாராவது வந்து உதவாமல் அவள் தனியாக இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டார்வினிலிருந்து மகள் கெரின் போன் செய்தாள். தினசரி உதவி கிடைக்காவிட்டால் அடிலெய்டு இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வழியில்லை, இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும் என்று அழுதாளாம். லைல் இருந்த அதே இல்லத்தில்தான் இடம் காலியாக இருந்தது. நோலீன் இதை என்னிடம் சொல்லும்போது ரோஜாச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மொட்டையும் சேர்த்து வெட்டிவிட்டாள்.

"அசெஸ்மென்ட்டுக்குப் பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்ங்கறது என் விதி," என்றாள். "நீ வந்து உக்காரு. சும்மா உக்காந்தா போதும்."

அன்று அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் சுடச்சுட ஸ்கோன் ரொட்டி வாசனை அடித்தது. விருந்தாளிக்காகத் தயாரான வீடு. தரை மின்னியது. மேஜையில் நல்ல விரிப்பு, ஜாம், க்ரீம். நோலீன் முத்துமாலை போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். விழுந்ததிலிருந்து எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், பிடித்து நடக்கும் வாக்கரைக் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழைநீர்த் தொட்டிக்குப் பின்னால், தார்ப்பாய் போர்த்தி நின்றிருந்தது.

மதிப்பிட வந்தவள் டேனிகா என்ற இளம்பெண். மரியாதையான, பொறுமையான பெண். ஸ்கோனைப் புகழ்ந்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள்.

"குளிக்கிறதெல்லாம் எப்படி நோலீன்? சிரமமா இருக்கா?"

"தினமும் குளிக்கறேன். பாட்டு பாடிக்கிட்டே."

"வெளிய நடக்கறீங்களா?"

"கடல்பாலத்து முனை வரைக்கும் போயிட்டு வருவேன்."

கடல்பாலத்தை அவள் கண்ணால் பார்த்தே மாதக்கணக்கில் ஆகியிருந்தது. நான் மேஜைக்கடியில் அவள் காலைத் தேடினேன். மிதிக்க மனம் வரவில்லை, அது அடிபட்ட இடுப்புப் பக்கத்துக் கால்.

"மொத்தத்துல எப்படி இருக்கீங்க?"

நோலீன் அழகாகச் சிரித்தாள். "மோசமில்ல."

டேனிகா பதில்களைத் தன் கைக்கணினியில் தட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொரு தட்டலும் நோலீனை அடிலெய்டுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளியது. இவளுக்கா தெரியாது? ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் அல்லவா! நண்பனைக் காட்டிக்கொடுப்பது எங்கள் பக்கத்தில் மிகப் பெரிய பாவம். நான் எழுந்து வெளியே போனேன். தார்ப்பாயை உருவி எறிந்துவிட்டு வாக்கரை உருட்டி வந்து அவள் முன்னால் நிறுத்தினேன்.

"டெஸ்." எடைமேடைக் குரல். "அதை வெளிய கொண்டு போ."

"மாட்டேன்."

"நீ வாய் திறக்கமாட்டேங்கறதாலதான்யா உன்னைக் கூப்பிட்டேன்!"

"தெரியும். நீ என்னைத் தப்பா எடை போட்டுட்டே நோல்." ஜன்னல் திட்டில், கூட்டம் முடிந்து அவள் கையோடு எடுத்து வந்திருந்த கிளப்பின் மணல் கடிகாரம் இருந்தது. எடுத்து மேஜையில் கவிழ்த்தேன். "விதி உனக்கும் ஒண்ணுதான். சொல்லு. நாங்க யாரும் ஆறுதல் சொல்லமாட்டோம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பாதி மணல் இறங்கியது. பிறகு விரிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"குளியலறையில விழுந்தேன். காலையில. எழுந்திருக்க முடியல. உடம்புல துணி இல்ல. துண்டு கொக்கியில தொங்குது, கை எட்டல. தரை ஜில்லுன்னு இருந்துச்சு. கத்தலாம்னு பார்த்தேன். டெஸ் ஓடி வருவான், என்னை இப்படிப் பார்ப்பான்னு கத்தல." விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். "கூடத்துல போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. புதுச் சட்டத்தைப் பத்திக் கேக்க யாரோ கூப்பிடறாங்க. எடுக்கலேன்னா கைவிட்டுட்டேன்னு நினைப்பாங்களே. அடுத்த தடவை அடிச்சப்ப தரையில கிடந்தபடியே பதில் சொன்னேன். நர்ஸ் வந்தா கிளப் கணக்கு, குளிப்பாட்டினா உங்க பங்கு கொஞ்சம்னு. சத்தமா. யாருக்குக் கேக்கப்போகுது? சொல்லிக்கிட்டே இருந்தேன், போன் நிக்கற வரைக்கும்."

வேலிக்கு இந்தப் பக்கம் நான் இருந்திருக்கிறேன். வால்மாவுக்கு ரொட்டி வெட்டிக்கொண்டு, வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு.

"சாயங்காலம் எப்படியோ தவழ்ந்து வெளிய வந்தேன். அப்பறம் குளிக்கப் பயம். ஈரத்துணியால துடைச்சுக்கறேன். பொய் சொல்லிட்டேன்மா உன்கிட்ட. எனக்கு அந்த அடிலெய்டு இல்லத்துக்குப் போக வேண்டாம். அங்க கடல் தெரியாது."

மணல் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. டேனிகா கைக்கணினியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "முதல் கேள்வியிலேருந்து மறுபடி ஆரம்பிக்கலாமா நோலீன்?" என்றாள்.

அவள் கிளம்பிப் போனதும் நோலீன் வாக்கரைப் பிடித்து எழுந்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று தயாரானேன். "கோப்பையை நான்தான் கழுவணும்," என்றாள். "விதி விதிதான்." ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கழுவினாள். நான் துடைத்து வைத்தேன்.

கோடை முழுக்கக் காத்திருந்தோம். காலையில் நானோ கிளப்பிலிருந்து யாராவதோ போய்ப் பார்த்துக்கொண்டோம். ரெக்ஸ்கூட வந்தான், குளித்துவிட்டு. ஈஸ்டருக்கு முன்னால் முடிவு வந்தது. தினமும் காலையில் ஒரு பெண், வாரம் ஒருமுறை நர்ஸ், குளியலறையில் கைப்பிடிக் கம்பிகள். அடிலெய்டு இல்லத்துக்குப் போன் செய்து, அந்த இடம் வேண்டாம் என்று கெரின் சொல்லிவிட்டாள்.

அதற்கு மறுவாரம் வேலியோரம் நோலீன் நின்றிருந்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது, சோப்பு மணந்தது. பழக்க தோஷத்தில் நான் கேட்டுவைத்தேன்.

"எப்படி இருக்கே நோல்?"

அவள் வாய் அந்த வார்த்தைக்குப் போனது. போய் நின்றது.

"இடுப்பு வலிக்குது டெஸ்," என்றாள். "லைல் ஞாபகம் வேற. நாற்காலியைப் போட்டுக்கிட்டு உக்காரு, சொல்றேன்."

நான் நாற்காலி எடுத்து வரப் போனேன்.