கலிபர் மாற்றின சனிக்கிழமை

போன கிழமை ஸ்காபரோவில் ஒரு பிளாசா. கார்க் கண்ணாடியில் இருந்த பனியை வழித்துக்கொண்டு நிற்கிறேன். "ஹேய், சிவா" என்று ஒரு குரல். திரும்பினால்... வால்ரர்.

ஐந்து வருடத்துக்கு முதல் பிறம்ரனில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் ஃபோர்மன். இப்போது பென்ஷன். கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட நின்ற மருமகனிடம், "என்னுடைய கண்ணைக் காப்பாற்றினவன் இவன்தான்" என்று என்னை அறிமுகம் செய்தார். "ஒரு சனிக்கிழமைக்கு வாவன். மெஷின் இன்னும் இருக்கு."

சிரித்தேன். வேறென்ன செய்வது? கண்ணாடியில் பாதிப் பனி அப்படியே கிடக்க, காருக்குள் ஏறி எடுத்துக்கொண்டு போய்விட்டேன். குளிர் என்று சொன்னால் நம்புவீர்கள்தானே?

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

அகதிக் கேஸ் வென்றுவிட்டு, இங்கே நிரந்தரமாக இருக்க விடுகிற லாண்டட் பேப்பருக்குக் காத்திருந்த காலம் அது. பேப்பர் வந்தால்தான் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்த மனைவி வசந்தியையும் மகளையும் இங்கே எடுக்கலாம். நான் விமானம் ஏறும்போது மகள் இன்னும் நடை பழகவில்லை. ஸ்காபரோவில் தவம் அண்ணை என்கிற ஒருவரோடு அப்பார்ட்மென்ற்றைப் பங்குபோட்டு இருந்தேன். அவருக்கும் அதே காத்திருப்பு.

தொழிற்சாலையில் எனக்குத் தகடு அடிக்கிற மெஷின்களில் அச்சு மாற்றுகிற வேலை. ஒரு சாமான் அடித்து முடிந்தால் அந்த அச்சைக் கழற்றி, அடுத்த சாமானுக்கு உரியதைப் பூட்டவேண்டும். பழக்கினது வால்ரர்தான். அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. "அச்சு மாற்றினால் முதல் துண்டை அளந்து பார். அளக்காமல் இரண்டாவதை அடிக்காதே." காலையில் குட்மோர்னிங் சொல்கிறாரோ இல்லையோ, இதைச் சொல்லுவார்.

ஒருநாள் கேட்டார்: "சனிக்கிழமை வீட்டுக்கு வாறியா? பேஸ்மென்ற்றில் ஒரு மெஷின் இருக்கு. உனக்குப் பிடிக்கும்."

ஃபோர்மன் கூப்பிட்டால் போகாமல் விடலாமா? அதைவிட, உண்மையைச் சொன்னால்... இந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல்தரம். நல்ல சேர்ட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.

அவருடைய மனைவி சூப் தந்தார். பிறகு கீழே இறங்கினோம். கிறிஸ்மஸ் சோடனைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், மேசையோடு சேர்த்துப் பூட்டின மெஷின். துப்பாக்கி ரவை நிரப்புகிற மெஷின்! வால்ரர் ஒரு கிளப்பில் குறி பார்த்துச் சுடுகிறவர். சுட்ட வெற்றுக்கோதுகளைப் பொறுக்கி வந்து திரும்ப நிரப்புவார். அனுமதி எல்லாம் இருந்தது. சட்டப்படியான பொழுதுபோக்கு.

எங்கட ஊரில் அப்படி ஒரு கோது வீட்டு முற்றத்தில் எடுபட்டாலே ஆமிக்காரர் ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கூட்டும்போது கண்டால் மண்ணோடு அள்ளிக் கக்கூஸ் குழிக்குள் போடுவோம். இந்த மனுசன் ஐஸ்கிரீம் வாளி நிறைய வைத்திருந்தார்.

ஆனால் மெஷின்... அது வடிவான மெஷின்தான். கைபிடியை இழுக்க இழுக்க வட்டத்தட்டு ஒவ்வொரு கட்டமாகச் சுழலும். ஓரிடத்தில் கோது நிமிரும், அடுத்ததில் வெடிமருந்து விழும், அதற்கடுத்ததில் ஈயக்குண்டு இறுகும். ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு ரவை வந்து தட்டில் விழும். அன்றைக்கு அவர் பெரிய கலிபரில் இருந்து சின்னதுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கலிபர் என்றால் ரவையின் பருமன். பருமன் மாறினால் தட்டு, அச்சு, மருந்தின் அளவு எல்லாம் மாறவேண்டும். நான் திருகுகளைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் பூட்டினார். நடுவில் மனைவி மேலே இருந்து கூப்பிட, போய் ரெலிபோனில் கதைத்துவிட்டு வந்தார். வந்து, இழுக்கத் தொடங்கினார்.

கொஞ்சம் ரவைகள் விழுந்த பிறகுதான் நான் கோதுக்குள் எட்டிப் பார்த்தேன். மருந்து விளிம்புக்குக் கிட்டவாக நின்றது.

"வால்ரர், முதல் துண்டை அளந்தனீங்களா?"

கைபிடி நின்றது. தராசை எடுத்தார். நிறுத்துப் பார்த்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. மருந்தின் அளவு இன்னும் பெரிய கலிபரிலேயே நின்றது. அந்த ரவையைத் துவக்கில் போட்டிருந்தால், துவக்கு அவருடைய முகத்துக்கு நேரே வெடித்திருக்கும். இரண்டு பேருமாக இருந்து எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டினோம். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தார். பஸ்ஸில் வரும்போது எனக்கு இந்த ஊரில் ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை லஞ்ச் மேசையில் வால்ரர் எல்லாருக்கும் கதை சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். "பார்த்த உடனே பிடித்துவிட்டான். இவனுக்கு ரவை தெரியும்."

ஒருவன் சிரித்துக்கொண்டு கேட்டான்: "எங்கே பழகினாய்?"

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

அடுத்த மாதம், வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கதவு தட்டுப்பட்டது. கோட்டுப் போட்ட இரண்டு பேர், அரசாங்க விசாரணைக்காரர். லஞ்ச் மேசைக் கதை யார் மூலமோ அவர்களிடம் போயிருந்தது. மிகவும் மரியாதையாக இருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். வெடிபொருள் பயிற்சி எங்கே எடுத்தீர்கள்? யார் தந்தார்கள்? நான் தகடு அடிக்கிற மெஷினைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். எதை எழுதினார்களோ?

அவர்கள் போன பிறகு தவம் அண்ணை குசினியில் இருந்து வந்தார். "உனக்கு உந்த விளையாட்டுத் தேவையோ? சூப் குடிச்சுப்போட்டு வாறதுதானே?"

"அவர் என்ர ஃபோர்மன், அண்ணை. மனுசன்ர கண் போயிருக்கும்."

"ஓம், அவன்ர கண் தப்பிச்சுது. இனி உன்ர பேப்பர்?"

அடுத்த நாள் வால்ரரிடம் போனேன். அவரிடமும் விசாரித்திருந்தார்கள்.

"பயப்படாதே. உன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னேன். கெட்டிக்காரன், ரவையைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று சொன்னேன்."

"முதல் துண்டை அளக்கச் சொல்லித் தந்தது நீங்கள்தான். அதைச் சொன்னீங்களா?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"அவர்கள் அதைக் கேட்கவில்லையே."

நல்ல மனுசன். அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல். கெட்டவன் என்றால் நாலு வார்த்தை ஏசிவிட்டு வந்திருக்கலாம். தனக்கு ஒரு கஷ்டமும் வராத இடத்தில் நல்லவனாக இருக்கிறவனை எப்படி ஏசுவது? ரவை அவருடைய மேசையில் கிடந்தால் பொழுதுபோக்கு. நான் அதை எட்டிப் பார்த்தால் பயிற்சி. இந்த வித்தியாசம் அவருக்கு ஒருநாளும் விளங்கப் போவதில்லை. விளங்கவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவர் கூப்பிடவில்லை. லஞ்ச் மேசையில் எனக்குப் பக்கத்துக் கதிரை காலியாகவே இருந்தது. நான் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனேன்.

தவம் அண்ணைக்குப் பேப்பர் வந்தது. குடும்பம் வந்தது. யூனியன்வில்லில் வீடு வாங்கினார். எனக்கோ, குடிவரவு அலுவலகத்தில் கேட்கிற போதெல்லாம் ஒரே பதில்: "ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்." என்னத்தை ஆராய்கிறார்கள் என்று எவரும் சொல்லவில்லை. லொட்ஜ் அறைக்கு ரெலிபோன் எடுத்தால் வசந்தி முதலில் கேட்பாள், "என்னவாம்?" பிறகு அதையும் கேட்காமல் விட்டுவிட்டாள். மகளிடம் ரெலிபோனைக் கொடுத்தால் அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

பேப்பர் ஒருநாள் வந்ததுதான். ஒரு விளக்கமும் இல்லை, ஒரு மன்னிப்பும் இல்லை. போன வருடம் விமான நிலையத்தில் போய் நின்றேன். வசந்தி தள்ளுவண்டியோடு வந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூட வயதுப் பிள்ளை ஒன்று. நான் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன். பிள்ளை தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, "ஹலோ அங்கிள்" என்றாள்.

மரியாதை தெரிந்த பிள்ளை. வசந்தி நல்லாய்த்தான் வளர்த்திருக்கிறாள்.