தொட்டி பாதி இருந்த அன்று

மொட்டைமாடிக்கு ஏறும்போதெல்லாம் வத்ஹாவின் கையில் ஒரு மரக்கரண்டி இருக்கும். நுனி கருகிப்போய், சமையலுக்கு ஆகாது என்று ஒதுக்கிவைத்த கரண்டி. மாடி மூலையில் நாலுகால் மேடைமேல் நிற்கும் தகரத் தொட்டியின் அடிவயிற்றில் முதலில் ஒரு தட்டு தட்டுவாள். பிறகு கரண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றித் தட்டிக்கொண்டே போவாள். தண்ணீர் இருக்கிற வரைக்கும் சத்தம் அமுங்கி வரும், போர்வைக்குள் யாரோ இருமுகிற மாதிரி. தண்ணீர் முடிகிற இடத்தில் தகரம் சட்டென்று வாய் திறக்கும். அங்கே கரண்டியை நிறுத்தி, தலையைச் சாய்த்து, இன்னொரு தரம் மெதுவாகத் தட்டி, சந்தேகமில்லை என்று ஆனபிறகு கைப்பிடிச் சுவரோரம் வந்து கீழே குரல் கொடுப்பாள்.

"இன்னிக்குத் துணி துவைக்கலாம்."

இல்லையென்றால், "யாரும் குளிக்க வேண்டாம். முகம் கழுவினா போதும்."

உம் தீனா என்ற அந்த ஊரில் கோடைக்காலத்தில் வாரத்துக்கு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும். அந்த ஒருநாளும் சில வாரம் ஏமாற்றிவிடும். அதனால் அந்த வீட்டில் யார் எப்போது குளிப்பது, பாத்திரம் எத்தனை தண்ணீரில் கழுவுவது, மாதுளைச் செடிக்கு உண்டா இல்லையா எல்லாவற்றையும் கரண்டிதான் முடிவு செய்தது. வத்ஹாவின் தம்பி முத்லக் ராணுவத்தில் இருந்தான். எல்லையிலிருந்து வியாழக்கிழமை வந்து சனிக்கிழமை போவான். அவன் மனைவி நவ்ஃபும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தார்கள். பள்ளிக்கூடம் மூடிய நாளிலிருந்து பிள்ளைகள் வீட்டை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார்கள். மாடியில் உப்புத் தடவிக் காயவைத்த தக்காளியை வலையைத் தூக்கித் தின்பார்கள். தர்பூசணித் தோலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிப்பாய் விளையாடுவார்கள். மத்தியானம் எல்லாரும் ஒரே அறையில் ஒரே மின்விசிறிக்குக் கீழே படுக்கும்போது, விசிறி யார் பக்கம் அதிக நேரம் திரும்புகிறது என்று அடித்துக்கொள்வார்கள். நவ்ஃப் செருப்பை எடுப்பாள். வத்ஹா நடுவில் புகுந்து, அத்தைக்குரிய சலுகையில், ஆளுக்கொரு துண்டு உப்புப் பாலாடைக்கட்டியை வாயில் திணித்துப் படுக்கவைப்பாள்.

பிள்ளைகள் அவளுடையவை அல்ல. அதை ஊர் அவளுக்கு அவ்வப்போது ஞாபகப்படுத்தியது.

அவளுக்கு வரன் வராமல் இல்லை. இருபதுகளில் இரண்டு இடத்திலிருந்து பெரியவர்கள் கூட்டமாக வந்தார்கள். அப்போது அம்மா படுக்கையில் கிடந்தாள். "இப்ப வேண்டாம் யாபா" என்று தகப்பனிடம் சொன்னவள் வத்ஹாதான். ஆனால் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய வாய் தகப்பன் அபூ முத்லக்கின் வாய். காரணம் கேட்டதற்கு, "நசீப் இல்லை, விதி கூடவில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். மகள் பேரை இழுக்கவில்லை. ஊர் தன் பாட்டுக்கு ஒரு கதை கட்டிக்கொண்டது: அந்த ஆள் பெண்ணைக் கொடுக்கமாட்டார், வேலைக்காரியாக வைத்துக்கொள்வார். அம்மா போனபிறகும் அந்தக் கதை போகவில்லை. ஒருவரும் வரவில்லை. பெண்ணைப் பெற்றவர் தானாகப் போய், எனக்கொரு மகள் இருக்கிறாள் என்று சொல்வது உம் தீனாவில் நடக்காத காரியம். அபூ முத்லக்கும் சொல்லவில்லை. பொதுவாகவே பேச்சுக் குறைந்த மனிதர். காலையில் கடைத்தெருவுக்குப் போய், மருந்துக்கடை நாற்காலியில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு, ரொட்டி வாங்கிவருவார். மகளை அவரும் "யாபா" என்றுதான் கூப்பிடுவார். அப்பா என்ற சொல்லையே பாசத்தில் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம்.

தண்ணீர் லாரி ஓட்டுகிற கலஃபுக்கும் வத்ஹாவுக்கும் இடையே இருந்தது இவ்வளவுதான்: மற்ற லாரிக்காரர்கள் தெருமுனையிலேயே ஹாரனை அழுத்திப் பிடிப்பார்கள். கலஃப் பிள்ளைகள் தூங்குகிற நேரம் என்று இறக்கத்திலேயே எஞ்சினை அணைத்து, லாரியைத் தானாக உருளவிட்டு வாசலில் நிறுத்துவான். குழாயை மேலே ஏற்றித் தொட்டியில் போட்டுவிட்டு, நிரம்புகிற சமயத்தில் கீழிருந்து, "தட்டிப் பாருங்க" என்பான். அவள் விளிம்போரம் தட்டிப் பார்த்து, "சரி" என்பாள். அவன் போய்விடுவான். நாற்பது வயது இருக்கும். தாய் தகப்பன் இல்லை. சொந்தம் என்று இருந்தவர்கள் குவைத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். கிணற்றடியில் ஒற்றை அறையில் இருந்தான்.

"உன் கரண்டி இந்த வருஷம் ரொம்பப் பசியா இருக்கு மதினி," என்பாள் நவ்ஃப், வெண்டைக்காயை நூலில் கோத்துக்கொண்டே. "ரெண்டு நாளைக்கொரு தடவை தொட்டி காலிங்குது."

"பிள்ளைங்களைப் பெத்தவ நீ. அதுங்க தண்ணில ஆடுறதுக்கு என் கரண்டி என்ன செய்யும்?"

"அதானே. கரண்டிக்கென்ன தெரியும், பாவம்."

வத்ஹா ஒரு வெண்டைக்காயை எடுத்து அவள்மேல் எறிவாள். ஆனால் கரண்டி விஷயத்தில் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. லாரி வரட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்ட நாளிலும், இருந்தால் இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அன்று காலையிலும் தட்டினாள். தகரம் நடுவயிற்றில் வாய் திறந்தது.

"பாதி இருக்கு. நாளைக்கு வரைக்கும் தாங்கும்," என்று கீழே சொன்னாள். முற்றத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அபூ முத்லக் தலையாட்டிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார்.

வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் கலஃபின் லாரி சத்தமில்லாமல் வாசலில் வந்து நின்றது. வத்ஹாவுக்கு முதலில் நெஞ்சு குதித்தது. அதன் பின்னால் கோபம் வந்தது. கடைத்தெருவிலிருந்து திரும்பியிருந்த தகப்பன் சமையலறையில் நின்று காப்பிக் கூஜாவை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏலக்காய் மணம் வீடு முழுக்க ஏறியிருந்தது.

"தொட்டி பாதி இருக்கு யாபா. யாரு லாரியைக் கூப்பிட்டது?"

"நான்தான்."

"காலைல தட்டிச் சொன்னேனே. என் கரண்டிமேல நம்பிக்கை போயிடுச்சா?"

"பாதி இருக்கிற தொட்டியை நிரப்பினா பாவமா?" என்றார் அவர், கூஜாவைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

இந்த வெயிலில் லாரிக்காரனுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுப்பார்கள்; மிஞ்சினால் டீ. இவர் கசப்புக் காப்பி காய்ச்சுகிறார். போதாததற்கு மதில்மேல் எட்டிப் பக்கத்து வீட்டு அபூ ஷிப்லியையும் கூப்பிட்டார். அபூ ஷிப்லி முடிதிருத்துகிறவர். அவர் காதில் விழுந்த செய்திக்கு அந்த ஊரில் ஒலிபெருக்கி தேவையில்லை.

கலஃப் குழாயை மாடிக்கு ஏற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு விருந்தினர் அறைக்குள் தயங்கி நுழைந்தான். திரைக்குப் பின்னால் நவ்ஃபும் வத்ஹாவும் நின்றார்கள். திரை இடுக்கில் வத்ஹாவுக்கு அவன் முகத்தின் ஒரு பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதி வீங்கியிருந்தது.

அபூ முத்லக் சின்னக் கப்பில் ஒரு வாய்க் காப்பி ஊற்றி நீட்டினார். கலஃப் வாங்கினான். உதட்டருகே கொண்டுபோனான். ஆவி பட்டதும் கண்ணை இறுக்கினான். பிறகு மெதுவாக, மரியாதையாக, கப்பைத் தன் முன்னால் தரையில் வைத்தான்.

அபூ ஷிப்லியின் கையில் ஜபமாலை நின்றுபோனது.

அந்தப் பகுதி வீடுகளில் விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவன் ஏதோ கேட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம். சரி என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை கப்பைத் தொடமாட்டான். கல்யாணமாகாத ஆண், கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டில் கப்பை வைத்தால் என்ன கேட்கிறான் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கலஃபுக்குத் தான் செய்த காரியம் உறைத்தபோது, கை கப்பைவிட்டு விலகியிருந்தது.

"காப்பியைக் குடி கலஃப்," என்றார் அபூ முத்லக். "நீ கேட்டு வந்தது உனக்கு ஆச்சு."

"நான்... வந்து..."

"மாஷா அல்லாஹ்," என்றார் அபூ ஷிப்லி. "வாயே திறக்கல, அதுக்குள்ள ஆச்சா? என் மாமனாரு என்னை மூணு வருஷம் இழுத்தடிச்சாரு. காப்பி ஆறி, கப்பு ஆறி, நானே ஆறிப்போயிட்டேன்."

"மேல தண்ணி ஓடிட்டிருக்கு," என்று கலஃப் எழுந்தான். "பார்த்துட்டு வந்துடறேன்." கப்பு அப்படியே தரையில் இருந்தது. அவன் வெளிப்படியில் ஏறுகிற சத்தம் கேட்டது.

நவ்ஃப் வத்ஹாவின் கையை நசுக்கினாள். "மதினி, உன்னைக் கேட்டுட்டான்."

"அவன் எங்க கேட்டான்?" என்றாள் வத்ஹா. "கன்னத்தைப் பார்த்தியா நீ?"

பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்திக்குள் அபூ ஷிப்லியின் நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொரு தலையிலும் இந்தச் செய்தி ஏறிவிடும். நாளைக்கு, அது வெறும் பல்வலி என்று தெரியவந்தால், பல்வலிக்காரனுக்குப் பெண் கொடுக்கப் பாய்ந்த வீடு என்று ஆகும். அவள் இனி கடைத்தெருவில் எப்படி நடப்பாள்? அவன் வாயை மூடிக்கொண்டு குடித்துவிட்டால் அது அதைவிடக் கேவலம். வெட்கத்துக்காக விழுங்கிய ஒரு வாய்க் கசப்பாக அவள் ஆயுள் முழுக்க அவன் வீட்டில் இருக்கவேண்டும்.

அபூ முத்லக் சமையலறை வாசலில் வந்து நின்றார். "யாபா, குடின்னுதான் நான் சொன்னேன். அவன் இன்னும் குடிக்கல. உனக்கு வேண்டாம்னா நீயே கப்பை எடுத்து மாதுளைக்கு ஊத்திடு. நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

வத்ஹா கப்பை எடுக்கப் போகவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

கலஃப் தொட்டியடியில் குழாயைப் பிடித்தபடி நின்றான். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவள் தகரத்தை ஒரு தட்டு தட்டினாள், பேச்சைத் தொடங்க அவளுக்கு வேறு வழி தெரியாததால்.

"பல்லா?"

"கடைவாய்ப் பல்லு. நேத்திலேருந்து."

"அப்ப அதைக் கீழே போய்ச் சொல்லிடுங்க. எங்க அப்பா கோவிச்சுக்க மாட்டாரு."

"அபூ ஷிப்லி உக்காந்திருக்காரே."

"இருக்கட்டும். ஊர் சிரிக்கும், அப்புறம் வேற எதுக்காவது சிரிக்கும். எனக்காகப் பாவம் பார்த்து யாரும் காப்பி குடிக்க வேண்டாம்."

அவன் குழாயை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான். தண்ணீர் தொட்டிக்குள் விழுகிற ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. விழவிழ அதன் குரல் குறுகிக்கொண்டே வந்தது.

"பாவம் இல்ல," என்றான் கடைசியில், வீங்காத பக்கத்து வாயால். "பல்வலி நிஜம். உங்க அப்பா நெனச்சதும் நிஜம். ரெண்டும் ஒரே வாயிலதான் இருந்துச்சு. பெண் கேக்கக் கூட்டிட்டு வர எனக்கு நாலு பெரியவங்க இல்ல. அதான் பல்லு மட்டும் வெளியே தெரிஞ்சுது."

வத்ஹா கரண்டியை மேலே ஏற்றித் தட்டினாள். அமுங்கிய சத்தம். இன்னும் மேலே. அங்கேயும் அமுங்கிய சத்தம். விளிம்பில் தட்டியபோது தண்ணீர் அவள் மணிக்கட்டில் தெறித்தது. தொட்டி வழிந்து மாடியில் ஓடி, காய்கிற தக்காளிக்கு அடியில் புகுந்து, தூம்பு வழியாக முற்றத்தில் கொட்டியது. கீழே பிள்ளைகள் சட்டையோடு அதில் போய் நின்று கூத்தாடுவது கேட்டது.

"இவ்வளவு சீக்கிரம் நிரம்பாதே," என்று கலஃப் தடுமாறினான்.

"மேல ரெண்டு பேரு நிக்கிறீங்க," கீழேயிருந்து நவ்ஃபின் குரல் வந்தது. "குழாயை மூட ஒரு ஆள் இல்லையா?"

அவன் லாரியை நோக்கி இறங்கப் போனான். வத்ஹா சொன்னாள்: "தண்ணியை நிறுத்திட்டு உள்ள போங்க. காப்பி இந்நேரம் ஆறியிருக்கும். ஆறினா பல்லுக்கு ஒண்ணும் செய்யாது."

ஆறிய காப்பியை அவன் ஒரே மூச்சில் குடித்தான். பெரியவர்கள் கூட்டத்தைச் சேர்ப்பது தன் பொறுப்பு என்று அபூ ஷிப்லி அங்கேயே ஏற்றுக்கொண்டார்; ஊரில் தன்னிடம் முடிவெட்டிய தலை எல்லாம் வரும் என்றார். வந்தது. கோடை முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. பல்லைப் பிடுங்கி ஒருபக்கம் வெறுமையான வாயோடு மாப்பிள்ளை சிரித்தான். அந்தக் குடித்தனம் ஒன்றும் எளிதாக அமைந்துவிடவில்லை. தண்ணீர்ச் சிக்கனத்தில் இரண்டு பேருக்கும் தகராறுதான். பேச்சு முற்றும்போது வத்ஹா, "உன் பல்லைக் கட்டிக்கிட்டேன் பாரு" என்பாள். கலஃப், "அதையும் பிடுங்கிட்டாங்களே" என்பான். பக்கத்திலேயே வீடு கட்டினார்கள். அந்த மாடியிலும் ஒரு தொட்டி. கரண்டி அதே கரண்டி. மருமகனுக்கு மட்டும் அபூ முத்லக் எப்போதும் காப்பியை ஆறவைத்தே கொடுத்தார். ஏன் என்று கேட்டால், "அவனுக்கு அதுதான் ராசி" என்பார்.

அவர் இறந்த மறு கோடையில், தன் மகளுக்குக் காய்ச்சல் என்று வத்ஹா மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் ஸிஹாம் துக்கம் விசாரித்தாள். சுவரோரம் இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

"தினம் இங்கதான் உக்காருவாரு. உங்க விஷயம் நடந்த அன்னிக்கும் கையில பிரஷர் பட்டை சுத்தி உக்காந்திருந்தாரு. உங்க வீட்டுக்காரரு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. மாத்திரை குடுத்து, சூடா எதையும் வாய்கிட்ட கொண்டுபோகாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன். அவர் போனதும் உங்க அப்பா என்கிட்ட, 'காப்பி கூடவா?'ன்னாரு. காப்பி கூடத்தான்னேன். 'ஒரு வாய் கூட முடியாதா?'ன்னாரு. முடியாதுன்னேன். உடனே பட்டையை அவரே அவுத்துட்டு, என் ஃபோனை வாங்கித் தண்ணி லாரிக்குப் பேசினாரு. சீக்கிரம் வா, தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லைன்னாரு."